உப்பா, இனிப்பா? போஞ்சிக் கடையிலிருந்து டச்சு பானச் சொற்கள்

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ ஒரு கடையில் போஞ்சி, அதாவது எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர், கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: உப்பா, இனிப்பா? டச்சு மொழியில் அதே கேள்வி: ‘ஸூட் ஒஃப் ஸௌட்?’ ஸூட் இனிப்பு, ஸௌட் உப்பு, ஒஃப் என்றால் ‘அல்லது’. இரண்டு சொல்லுக்கும் இடையில் ஒரே ஒரு உயிர்தான் வேறு. அது பிசகினால் சர்க்கரை கேட்டவருக்கு உப்புப் போஞ்சி போய்விடும். பானங்களின் டச்சுப் பெயர்களைப் படிக்க இந்த ஜோடியில் தொடங்குவது நல்லது. நாக்கைத் திருத்துவதும் சொல்லைச் சேர்ப்பதும் ஒரே மூச்சில் நடக்கும்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் தங்கும் விடுதியும் சாயாக் கடையும் நடத்துபவர்கள், பத்மநாபபுரம் அரண்மனையிலும் வட்டக்கோட்டையிலும் வழிகாட்டியாக நிற்பவர்கள், ராட்டர்டாம், ஆண்ட்வெர்ப் துறைமுகங்களுக்குப் போகும் கப்பலில் வேலை செய்பவர்கள், நெதர்லாந்தில் செவிலியர் வேலைக்குத் தயாராகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. முப்பது, நாற்பது சொற்கள் போதும். அவற்றை வாக்கியத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தனிச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்தவர், கேள்வி கேட்கப்பட்டதும் அந்தப் பட்டியலை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

முதலில் சரியான மொழியைத் திறக்கவும்

கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நிறையப் பேர் கைபேசியில் டச்சு என்று நினைத்து ஜெர்மனைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஜெர்மன்காரர் தம் மொழியை ‘டாய்ட்ஷ்’ என்கிறார். டச்சுக்காரர் தம் மொழியை ‘நேடர்லண்ட்ஸ்’ என்கிறார். மொழிப் பட்டியலில் நேடர்லண்ட்ஸ் என்று இருப்பதைத்தான் தொட வேண்டும். சோதிக்க ஒரு வழி: தண்ணீருக்கு ‘வாட்டர்’ என்று கேட்டால் டச்சு, ‘வஸ்ஸர்’ என்று கேட்டால் ஜெர்மன். பாலுக்கு ‘மெல்க்’ டச்சு, ‘மில்ஷ்’ என்பது போலக் கேட்டால் ஜெர்மன்.

நம் நாக்கில் ஏற்கெனவே இருப்பவை

டச்சு உச்சரிப்பை ஆங்கிலத்தின் வழியாகப் பிடிக்கப் போகாதீர்கள். தமிழ் வழியாகப் போனால் பாதி வேலை முடிந்திருக்கும்.

‘வ’ இருக்கிறதே, கீழுதட்டை மேற்பல்லில் லேசாகத் தொட்டுச் சொல்லும் நம் வகரம், அதுதான் டச்சு டபிள்யூ. நெதர்லாந்தில் வாட்டர், வெய்ன் இரண்டுக்கும் அதே வகரம். ஆங்கிலத்தில் செய்வது போல் உதட்டைக் குவிக்க வேண்டாம். ஆனால் டச்சு வி என்ற எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஃப ஆகிவிடும்: நான்கு ‘ஃபீர்’, ஐந்து ‘ஃபெய்ஃப்’.

குறில், நெடில் வேறுபாடு டச்சிலும் உண்டு. நம்மைப் போலவே பொருளையும் மாற்றும். ஃக்லஸ் என்றால் ஒரு கண்ணாடித் தம்ளர், ஃக்லாஸன் என்றால் பல தம்ளர்கள். எழுத்தில் உயிரெழுத்து இரட்டித்து வந்தால் நெடில். அசையின் கடைசியில் ஒற்றையாக நின்றாலும் பெரும்பாலும் நெடில்தான். வா-ட்டர் அப்படித்தான் நீள்கிறது. மெய்யெழுத்து இரட்டித்தால் அதற்கு முன்னுள்ள உயிர் குறில்: பிட்டர், கசப்பு.

சொல்லின் தொடக்கத்தில் வரும் க, ட, ப மூன்றையும் ஆங்கிலேயர் காற்றோடு ஊதிச் சொல்வார்கள். டச்சுக்காரர் ஊதுவதில்லை, நாமும் ஊதுவதில்லை. ஆகவே ‘கொஃபி’ என்பதை நம் காப்பியின் ககரத்தோடு அப்படியே சொல்லலாம். இங்கே ஓ நெடில் கிடையாது, ‘கொ’ குறில்.

டச்சு ‘ட்’ நம் ‘பட்டம்’ என்பதில் வரும் மடங்கிய நாக்கின் டகரம் அல்ல. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் காதில் விழுந்து வளர்ந்தவர்கள் ‘காற்று’ என்று சொல்லும்போது நுனிநாக்கு மேற்பல்லுக்குப் பின்னுள்ள ஈறில் நின்று வருமே ஒரு ‘ற்ற்’, அதுதான். வாட்டர் என்பதை வாற்றர் என்று எழுதினாலும் தவறில்லை. இந்தக் கட்டுரையில் ட் என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் அந்த நுனிநாக்கு ஒலியோடு படிக்கவும்.

அடுத்தது ஜி என்ற எழுத்து. தொண்டையில் உரசும் இந்த ஒலிக்குப் பலரும் பயப்படுகிறார்கள். நமக்கு அதற்கு ஓர் எழுத்தே இருக்கிறது: ஆய்தம். ‘எஃகு’ என்று தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்தபடி அழுத்திச் சொல்லிப் பாருங்கள். தொண்டையில் காற்று உரசும் அந்த இடம்தான் டச்சு ஜி. அதை இங்கே ஃக என்று எழுதியிருக்கிறோம். ஃகெம்பர், ஃக்லஸ், ஃக்ராஃக். தொண்டை வலிக்கும் அளவுக்குக் கரகரக்க வேண்டாம். பெல்ஜியம் பக்கத்தில் இதே ஒலி ‘அகம்’ என்பதில் வரும் ககரம் போல மென்மையாக இருக்கும், அப்படிச் சொன்னாலும் எல்லோருக்கும் புரியும். அடிக்கடி நேரும் பிழை வேறு: ஜி எழுத்தைப் பார்த்ததும் ஆங்கிலம் போல ‘கிளாஸ்’ என்றோ ‘ஜெம்பர்’ என்றோ சொல்வது.

நம்மிடம் இல்லாத ஒலிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, ‘ஈ’ சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிப்பது. மரியாதையாக ‘நீங்கள்’ என்று சொல்லும் டச்சுச் சொல் அந்த ஒரே ஒலிதான். இங்கே யூ என்று எழுதியிருக்கிறோம். இன்னொன்று யூ-ஐ என்று இரண்டு எழுத்து சேர்ந்து வரும் ஒலி. சர்க்கரைக்கான சொல்லில் அது இருப்பதால் தப்பவே முடியாது: ‘ஸொய்க்கர்’. உதட்டை வட்டமாக வைத்துக்கொண்டு ‘எ’ சொல்லி, அப்படியே வட்டத்தைச் சுருக்குங்கள். வீட்டுக்கான ‘ஹொய்ஸ்’ என்ற சொல்லிலும் அதே ஒலி. நம் ‘கக்கூஸ்’ டச்சு ‘கக்ஹொய்ஸ்’ என்பதிலிருந்து வந்தது. அந்த ஒலி நம் முன்னோர் வாயில் ஊகாரமாகிவிட்டது. இன்று ‘ஸூக்கர்’ என்று சொன்னால் டச்சுக்காரர் யோசிக்க வேண்டிவரும். கண்ணாடி முன் நின்று பத்து முறை ஸொய்க்கர் சொல்லுங்கள். உதடு வட்டமாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் பழகும்.

கடைசியாக ஒன்று. ‘பீரு’, ‘மெல்க்கு’, ‘ஃக்லஸு’ என்று சொல்லின் முடிவில் உகரம் சேர்க்கும் பழக்கத்தை விட வேண்டும். டச்சில் சொல்லின் ஈற்றில் வரும் சிறிய உயிருக்குப் பொருள் உண்டு. விட் என்றால் வெள்ளை, ‘விட்ட வெய்ன்’ என்றால் வெள்ளை ஒயின். ஆனால் மெல்க் என்பதன் நடுவில் ஒரு சிறு அகரம் நுழைத்து ‘மெலக்’ என்றால் குற்றமில்லை. டச்சுக்காரர் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

முதல் பதினைந்து சொற்கள்

டச்சில் பெயர்ச்சொல்லுக்கு முன் ‘டெ’ அல்லது ‘ஹெட்’ வரும். டெல்லியில் வரும் டெ. இதற்குச் சுருக்கமான விதி இல்லாததால், சொல்லைப் படிக்கும்போதே முன்னொட்டோடு சேர்த்துப் படிப்பதுதான் வழி. பானங்களில் வாய்க்கு எளிதான ஒரு பிரிப்பு உண்டு. தண்ணீர், பீர், பழச்சாறு, தம்ளர் நான்கும் ஹெட்: ஹெட் வாட்டர், ஹெட் பீர், ஹெட் ஸப், ஹெட் ஃக்லஸ். தேநீர், காப்பி, பால், ஒயின், குளிர்பானம், சர்க்கரை, பாட்டில் எல்லாம் டெ: டெ தே, டெ கொஃபி, டெ மெல்க், டெ வெய்ன், டெ ஃப்ரிஸ்ட்ரங்க், டெ ஸொய்க்கர், டெ ஃப்லெஸ். முதல் நான்கை மட்டும் நினைவில் வைத்தால் மற்றவற்றில் பெரும்பாலும் தப்பாது.

‘தே’ என்பது நமக்கு அந்நியமில்லை. சீனத்தில் இந்த இலைக்கு இரண்டு உச்சரிப்பு உண்டு: ச்சா, தே. ஃபூஜியன் கடற்கரைப் பேச்சிலிருந்து ‘தே’யை எடுத்து ஐரோப்பாவில் பரப்பியதில் 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. குமரி மாவட்டத்தில் சாயா குடிக்கிறோம், பொடிக்குத் தேயிலை என்கிறோம்; சீனத்து இரண்டு உச்சரிப்பும் ஒரே அடுக்களையில் இருக்கின்றன. தேயிலையின் தே-யை நீட்டிச் சொன்னால் டச்சுத் தேநீர் வந்துவிட்டது.

இஞ்சிக்கு ஃகெம்பர். மொழியியலாளர்கள் காட்டும் வழி இது: நம் இஞ்சிவேர், கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ் ஆகி, லத்தீன் வழியாக டச்சில் ஃகெம்பர் ஆனது. ‘ஃகெம்பர்தே’ என்றால் இஞ்சிச் சாயா. அங்கே அது வெந்நீரில் இஞ்சித் துண்டு போட்டுத் தருவது, பால் இருக்காது.

எலுமிச்சைக்கு ‘ஸிட்ரூன்’. பச்சை எலுமிச்சைக்கு ‘லீமூன்’. போஞ்சி என்று விளக்க வேண்டுமானால் ‘ஸிட்ரூன்ஸப் மெட் வாட்டர்’ என்று தொடங்கி, ‘என் ஸொய்க்கர்’ அல்லது ‘என் ஸௌட்’ என்று முடிக்கவும். ‘லீமோனாட’ என்ற சொல் இருக்கிறதே என்று அதை எடுத்துவிடக் கூடாது. டச்சு வீட்டில் லீமோனாட என்றால் பாட்டில் சிரப்பைத் தண்ணீரில் கலந்து பிள்ளைகளுக்குத் தருவது. நன்னாரி சர்பத்துக்கு அந்தச் சொல் பொருந்தும்.

மெட், ஸொன்டர்: இரண்டு திறவுகோல்

மெட் என்றால் ‘உடன்’. ஸொன்டர் என்றால் ‘இல்லாமல்’. பானம் கேட்பதில் பாதி வேலையை இவை இரண்டும் செய்துவிடும். தமிழில் இவை சொல்லுக்குப் பின்னால் வரும், டச்சில் முன்னால். ‘சர்க்கரை இல்லாமல்’ என்பதை மனதில் தமிழாகவே ஓட்டிக்கொண்டு ‘ஸொய்க்கர் ஸொன்டர்’ என்று சொல்லிவிடுவது நம்மவர் செய்யும் முதல் பிழை. ‘ஸொன்டர் ஸொய்க்கர்’ என்று ஒட்டியே பழகவும்.

கட்டன் சாயாவுக்கு: தே ஸொன்டர் மெல்க். பாலும் சர்க்கரையும் போட்ட காப்பிக்கு: கொஃபி மெட் மெல்க் என் ஸொய்க்கர். கருப்பட்டிக் காப்பிக்கு: கொஃபி மெட் பல்ம்ஸொய்க்கர். பல்ம்ஸொய்க்கர் என்றால் பனைச் சர்க்கரை. இந்தோனேசியச் சமையல் அங்கே பரவலாக இருப்பதால் பலருக்கும் அந்தச் சொல் தெரியும். குளிர்பானத்துக்கு ஐஸ் வேண்டாம் என்றால்: ஸொன்டர் எய்ஸ். எய்ஸ் என்பது ஐஸ்கட்டிக்கும் ஐஸ்கிரீமுக்கும் பொது என்பதால், ஐஸ்கட்டியைத் தெளிவாகச் சொல்ல ‘எய்ஸ்ப்லொக்யஸ்’ என்பார்கள்.

சூடும் குளிரும்: ஹேட் என்றால் கொதிக்கக் கொதிக்க, வர்ம் என்றால் சூடு, லௌ என்றால் வெதுவெதுப்பு, கௌட் என்றால் குளிர்ச்சி. கடுப்பமான சாயா ‘ஸ்டெர்க்’, வெளிறிப்போனது ‘ஸ்லப்’.

கேட்கும் வாக்கியங்கள்

மூன்று வாக்கியச் சட்டகங்கள் போதும். முதல் இரண்டில் கோடிட்ட இடத்தில் பானத்தை வையுங்கள்.

மஃக் இக் ____, அல்ஸ்ட்யுப்லீஃப்ட்? (எனக்கு ____ கிடைக்குமா, தயவுசெய்து?)
இக் வில் ஃக்ராஃக் ____. (எனக்கு ____ வேண்டும்.)
வட் வில்ட் யூ ட்ரிங்கன்? (என்ன குடிக்கிறீர்கள்?)

இரண்டாவதில் ஃக்ராஃக் என்ற சொல்லை விடக் கூடாது. வெறும் ‘இக் வில் கொஃபி’ என்றால் ‘காப்பி வேணும்’ என்று அடம்பிடிப்பது போல விழும். ஃக்ராஃக் சேர்ந்தால்தான் பணிவு வரும். மூன்றாவது, கடைக்காரர் வாயில் வர வேண்டிய கேள்வி. ட்ரிங்கன் என்பதன் கடைசி ன் பேச்சில் பெரும்பாலும் விழுங்கப்படும்.

நீ, நீங்கள் வேறுபாடு டச்சிலும் இருக்கிறது. யூ என்பது நீங்கள். ‘யெய்’ என்பது நீ, வேகமாகச் சொன்னால் ‘ய’. தயவுசெய்து என்பதும் இரண்டாகப் பிரியும்: நீங்கள் என்பவருக்கு அல்ஸ்ட்யுப்லீஃப்ட், நெருங்கியவருக்கு ‘அல்ஷப்லீஃப்ட்’. கடைக்கு வரும் விருந்தினருக்கும் மருத்துவமனையில் இருக்கும் வயதானவருக்கும் எப்போதும் யூ. பானத்தை மேசையில் வைக்கும்போதும் அல்ஸ்ட்யுப்லீஃப்ட் என்றுதான் சொல்ல வேண்டும், ‘இந்தாருங்கள்’ என்ற பொருளில். நன்றிக்கு ‘டங்க் யூ வெல்’.

எண்ணிக்கை நமக்கு மிக எளிது. ‘ஒரு கப் காப்பி’ என்பதில் நாம் இடையில் எதுவும் சேர்ப்பதில்லை. டச்சிலும் அப்படியே: அன் கொப்ய கொஃபி. ‘ரெண்டு காப்பி’ என்று பன்மை போடாமல் சொல்கிறோம்; அங்கேயும் ‘ட்வே கொஃபி’, ‘ட்ரீ தே’. பத்து ரூபாய் என்பது போலவே ‘ட்வே யூரோ’, பன்மை இல்லை. ஒன்றுக்கு மட்டும் கவனம் வேண்டும்: ‘ஒரு’ என்ற பொருளில் மெல்ல அன், ‘ஒன்றே ஒன்று’ என்று எண்ணும்போது நீட்டி ஏன்.

சொல்லை இடம் மாற்றினால் பொருள் மாறும். ‘கொப்ய கொஃபி’ என்றால் கப் நிறையக் காப்பி. ‘கொஃபிகொப்ய’ என்றால் காப்பி குடிக்கும் கப், அது காலியாக இருக்கலாம். நம் ‘ஒரு கப் காப்பி’, ‘காப்பிக் கப்’ இரண்டும் அதே போல்தான். கூட்டுச்சொல்லில் எது கடைசியோ அதுதான் பொருள் என்ற விதி தமிழிலும் டச்சிலும் ஒன்று: அப்பல்ஸப் ஆப்பிள் சாறு, ஷோகொலாடமெல்க் சாக்லேட் போட்ட பால், மெல்க்ஷோகொலாட பால் சேர்ந்த சாக்லேட் கட்டி. கோக்கொஸ்வாட்டர் கரிக்கு வெள்ளம் (இளநீர்), கோக்கொஸ்மெல்க் தேங்காய்ப்பால். கேட்காத சொல் வந்தால் கடைசித் துண்டைப் பிடியுங்கள். மெல்க் என்று முடிந்தால் பால் வகை, ஸப் என்று முடிந்தால் சாறு, தே என்று முடிந்தால் வெந்நீரில் ஊறியது.

இதோடு சிறுமை ஈறு ஒன்று உண்டு. பேச்சு டச்சில் பானங்களை அப்படியே சொல்வதைவிடச் சிறிதாக்கிச் சொல்வதே வழக்கம். பீர் ‘பீர்ட்ய’ ஆகும், ஒயின் ‘வெய்ன்ட்ய’ ஆகும், ஃக்லஸ் ‘ஃக்லாஷ’ ஆகும், ஃப்லெஸ் ‘ஃப்லெஷ’ ஆகும். அளவு குறைவு என்று பொருள் இல்லை. பேச்சின் அன்பு அது. இந்த ஈறு சேர்ந்த எல்லாச் சொல்லுக்கும் முன்னொட்டு ஹெட்தான். டெ, ஹெட் குழப்பத்திலிருந்து தப்ப நல்ல வழி.

கன்னியாகுமரிக் கடைக்கு வருபவரிடம்

நெதர்லாந்துக்காரர் பெரும்பாலும் நன்றாக ஆங்கிலம் பேசுவார். ஆனாலும் தம் மொழியில் ஒரு வாக்கியம் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். சூரியோதயம் பார்த்துவிட்டு வருபவரிடம் ‘ஃகூடமொர்ஃகன்’ என்று காலை வணக்கம் சொல்லித் தொடங்கலாம்.

— ஃகூடமொர்ஃகன். வட் வில்ட் யூ ட்ரிங்கன்?
— ட்வே தே, அல்ஸ்ட்யுப்லீஃப்ட்.
— மெட் ஸொய்க்கர்?
— ஏன் மெட், ஏன் ஸொன்டர்.

இங்கே ஒரு விளக்கம் சேர்க்க வேண்டும். அவர் ஊரில் தே கேட்டால் வழக்கமாகக் கிடைப்பது ஒரு தம்ளர் வெந்நீரும் ஒரு தேயிலைப் பையும்தான், பால் வராது. நம் சாயா பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிப்பது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ‘ஃகக்கோக்ட் மெட் மெல்க்’, பாலோடு கொதித்தது. இதே ஃகக்கோக்ட் தண்ணீருக்கும் உதவும். ‘இஸ் ஹெட் வாட்டர் ஃகக்கோக்ட்?’ என்று கேட்டால் கொதித்த தண்ணீரா என்று பொருள். ஆமாம் என்றால் ‘யா’. பாட்டில் தண்ணீர் என்றால் ‘வாட்டர் ஒய்ட் அன் ஃப்லெஸ்’.

சுக்குக் காப்பியைக் காட்டினால் ‘இஸ் ஹெட் ஸ்ஃகெர்ப்?’, காரமா என்று கேட்பார். ‘அன் பேட்ய’, கொஞ்சம். ஃகெம்பர், பேப்பர், பல்ம்ஸொய்க்கர் என்று உள்ளே இருப்பதைச் சொன்னால் போதும். பேப்பர் என்றால் மிளகு; நெடில் பே.

கரிக்கு வெட்டிக் கொடுக்கும்போது ‘மெட் அன் ரீட்ய?’ என்று கேளுங்கள். ரீட்ய என்றால் உறிஞ்சுகுழல்.

அக்கானியை, அதாவது பதநீரை, விளக்குவதில் கவனம் தேவை. பனையிலிருந்து வருவது என்றதும் ‘ஸிட் எர் ஆல்கோஹொல் இன்?’ என்று கேட்பார்கள், மது இருக்கிறதா என்று. அக்கானிக்கு ‘ஸூட் பல்ம்ஸப்’ என்று சொல்லி, ‘ஸொன்டர் ஆல்கோஹொல்’ என்று சேர்க்கவும். ‘பல்ம்வெய்ன்’ என்று சொல்லிவிடாதீர்கள். அது புளித்த கள்ளுக்கு உரிய சொல், தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் எடுப்பதுதான் அக்கானி என்பதை வந்தவருக்குப் புரியவைப்பது கடைக்காரர் கையில் இருக்கிறது.

கப்பலிலோ வேலைக்கோ போகிறவருக்கு

அங்கே போனால் கேட்பதைவிடப் படிப்பதில்தான் முதலில் அடி விழும். பால் அடுக்கில் ஒரே மாதிரி அட்டைப் பெட்டிகள் நிற்கும். ஃபொல்ல மெல்க் முழுக் கொழுப்புப் பால், ஹல்ஃப்ஃபொல்ல மெல்க் பாதிக் கொழுப்பு, மாஃகர மெல்க் கொழுப்பு நீக்கியது. காப்பிக்கு முதல் இரண்டில் ஒன்று. பக்கத்திலேயே ‘கர்னமெல்க்’ இருக்கும். கடைசித் துண்டு மெல்க் என்று பார்த்து எடுத்தால் வீட்டில் காப்பி திரிந்துவிடும், அது மோர். உப்பு இல்லை, நம் மோரைவிடக் கெட்டி; தண்ணீர் ஊற்றி இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டால் நம் ஊர் மோர்வெள்ளம் ஆகிவிடும். அதே அடுக்கில் ‘ஃப்லா’ என்ற பெட்டியும் பால் பெட்டி போலவே இருக்கும். அது கஸ்டர்டு, தம்ளரில் ஊற்றினால் கொழகொழவென்று விழும்.

தண்ணீருக்கு ‘க்ரான்வாட்டர்’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர். நெதர்லாந்தில் அதைக் கொதிக்க வைக்காமலே குடிக்கலாம். பாட்டில் தண்ணீரை ‘ஸ்பா’ என்ற பெல்ஜியப் பெயரால் சொல்வது வழக்கம்: ஸ்பா ப்லௌ என்றால் வாயு இல்லாதது, ஸ்பா ரோட் என்றால் வாயு உள்ளது. நீலமும் சிவப்பும் மூடியின் நிறங்கள். நிறம் மறந்தால் ‘ஸொன்டர் ப்ரிக்’ என்று கேளுங்கள். ப்ரிக் என்பது நாக்கில் குத்தும் வாயு.

ஆரஞ்சுச் சாற்றுக்குச் சொல் ‘ஸினாஸப்பல்ஸப்’. சீனத்து ஆப்பிள் என்பது பழத்தின் பெயர். ஆனால் கடைகளில் பிரெஞ்சுப் பெயரைச் சொல்லி ‘ஜுதொரான்ஷ்’ என்பார்கள். முதல் பாதியை மட்டும் தனியாகச் சொல்லிக் கேட்டால் இறைச்சிக் குழம்பு வரும். ‘ஸீனஸ்’ என்று கேட்டால் வாயு போட்ட ஆரஞ்சு பானம்.

‘கொஃபி ஃபர்க்கேர்ட்’ என்ற பெயரைப் பட்டியலில் பார்த்தால் பயப்பட வேண்டாம். ‘தப்பான காப்பி’ என்று நேர்ப்பொருள். பால் தூக்கலாக விட்ட காப்பி. நம் ஊர்ப் பால்காப்பி குடித்துப் பழகியவருக்கு அங்கே நெருக்கமாக வருவது அதுதான்.

இன்னொன்றைக் கட்டாயம் தெரிந்துகொண்டு போக வேண்டும். நெதர்லாந்தில் ஆங்கிலத்தில் ‘காஃபி ஷாப்’ என்று பலகை இருந்தால் அது கஞ்சா விற்கும் கடை. கப்பலில் வேலை செய்பவர் அந்தப் பலகையை நம்பி உள்ளே போவது வேலைக்கே ஆபத்து. காப்பிக்கு ‘கொஃபிஹொய்ஸ்’ என்ற பலகையைத் தேடவும். ‘கஃபே’ என்றால் காப்பியும் உண்டு, மதுவும் உண்டு. நெதர்லாந்தில் 2014 ஜனவரி 1 முதல் எந்த மதுவுக்கும் வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். மது வேண்டாதவர் ‘ஆல்கோஹொல்ஃப்ரெய்’ என்று கேட்கலாம்.

யாராவது வீட்டுக்கு அழைத்துக் காப்பி வேண்டுமா என்று கேட்டால், நம் பழக்கத்தில் முதலில் ‘வேண்டாம்’ என்போம், அவர் வற்புறுத்துவார் என்று நினைத்து. அங்கே ‘நே, டங்க் யூ’ என்றால் பேச்சு முடிந்தது. மறுபடி கேட்க மாட்டார். குடிக்க ஆசையிருந்தால் முதல் தடவையே ‘யா, ஃக்ராஃக்’ சொல்லிவிடுங்கள்.

குடித்த பாட்டிலையும் டப்பாவையும் எறியாதீர்கள். விலையோடு ‘ஸ்டாஸிஃகெல்ட்’ என்று முன்பணம் சேர்த்து வாங்கியிருப்பார்கள்: சிறிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 2021 ஜூலை முதலும், உலோக டப்பாவுக்கு 2023 ஏப்ரல் முதலும் 15 சென்ட், பெரிய பாட்டிலுக்கு 25 சென்ட். சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் இயந்திரத்தில் நசுக்காமல் போட்டால் பணம் திரும்பும். நசுங்கினால் அதன் பார்கோடை இயந்திரம் படிக்காது.

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் இறங்குகிறவர்களுக்குச் சில சொற்கள் வேறு. அங்கே ஒரு கப் காப்பி ‘அன் டஸ் கொஃபி’. நெதர்லாந்தில் டஸ் என்றால் பை, ஆகவே ராட்டர்டாமில் அதைச் சொன்னால் பொருள் மாறிவிடும். வாயு இல்லாத தண்ணீர் அங்கே ‘ப்லட் வாட்டர்’. பீருக்குப் ‘பின்ட்ய’.

எப்படிப் பழகுவது

வீட்டில் சாயா போடும் நேரங்களே பாட நேரம். காலை, பதினொன்று, மாலை நான்கு. முதல் இரண்டு நாள் ஒலி மட்டும்: வாட்டர், ஃக்லஸ், ஸொய்க்கர், ஸூட், ஸௌட், ஒவ்வொன்றும் பத்து முறை. கைபேசியில் பதிவு செய்து, அகராதிச் செயலியின் ஒலியோடு ஒப்பிடுங்கள். மூன்றாம் நாள் முதல் தம்ளர், பால் பாத்திரம், சர்க்கரை டப்பா, தேயிலை டப்பா மீது சீட்டு ஒட்டுங்கள், டெ, ஹெட் சேர்த்து. எழுதும்போது தமிழ் எழுத்தில் மட்டும் எழுதாமல், அகராதியைப் பார்த்து டச்சு எழுத்துக்கூட்டலையும் கீழே எழுதவும். தமிழில் ப ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்பதால், பீர், பில்ஸ் (ஒரு வகை பீர்) இரண்டின் முதல் ஒலியும் வேறு வேறு என்பது டச்சு எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு வாரம் கழித்து வீட்டில் ஒருவர் கடைக்காரர், ஒருவர் விருந்தினர். கேட்டதைக் கேட்டபடியே கலக்கிக் கொடுக்க வேண்டும். ‘மஃக் இக் அன் ஃக்லஸ் ஸிட்ரூன்ஸப் மெட் வாட்டர் என் ஸௌட், ஸொன்டர் எய்ஸ்?’ என்று சொன்னவர் உப்புப் போஞ்சியையே குடிக்க வேண்டும். ஸூட் என்று நினைத்து ஸௌட் என்று சொன்னவருக்கு அந்த முதல் மிடறு போதும், அந்த ஜோடி அதன்பின் மாறாது.